கருமுட்டையின் வயதும் தரமும்: பரிசோதனைகள் சொல்வதும் சொல்லாததும்

குழந்தைப்பேறு சிகிச்சைக்காக வரும் தம்பதியரில் பலர், கையில் ஏற்கெனவே ஓர் ஆய்வக அறிக்கையுடன்தான் வருகின்றனர். அதில் ஏ.எம்.எச். என்ற பெயருக்கு எதிரே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணின் கீழ் யாரோ பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். "முட்டை தரமாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள், டாக்டர்" என்பதே பெரும்பாலும் முதல் வாக்கியமாக இருக்கும். சில நேரங்களில் அதைச் சொல்பவர் அந்தப் பெண்ணாக இராமல், அவருடைய மாமியாராகவோ கணவராகவோ இருப்பார். அந்தப் பெண் தலை குனிந்து அமர்ந்திருப்பார்.

அந்த எண் முட்டையின் தரத்தைக் குறிப்பதே இல்லை என்பதை விளக்குவதற்கு எனக்குப் பத்து நிமிடங்கள் ஆகின்றன. புறநோயாளிப் பிரிவின் நெருக்கடியில் அந்தப் பத்து நிமிடங்கள் எப்போதும் கிடைப்பதில்லை. எனவே இம்மடலில் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் அவர் தம் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஏறத்தாழ 20 வாரக் கருவாக இருக்கும்போது அவருடைய சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகக் குறைந்திருக்கும். பூப்பெய்தும் பருவத்தில் மூன்று, நான்கு லட்சமே எஞ்சும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஏறத்தாழ ஆயிரம். வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் முதிர்ந்து வெளிவருபவை 400 முதல் 500 வரைதான். மற்றவை யாவும் இயல்பாகவே அழிந்துவிடுகின்றன. கருத்தடை மாத்திரை உட்கொண்டாலும், கருவுற்றிருந்தாலும், குழந்தைக்குப் பாலூட்டினாலும் இந்தக் குறைவு நிற்பதில்லை. ஆண்களின் நிலை வேறு. விந்தணுக்கள் இரண்டரை மாதங்களுக்கொரு முறை புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கின்றன. 38 வயதுப் பெண்ணிடமிருந்து வெளிவரும் முட்டைக்கோ வயது 38-க்கும் சற்று அதிகம்.

ஏ.எம்.எச். என்பது, வளரத் தொடங்கியுள்ள சிறிய ஃபாலிக்கிள்களின் செல்கள் சுரக்கும் ஒரு ஹார்மோன். ஃபாலிக்கிள் என்பது முட்டையைத் தாங்கியிருக்கும் சிறு நீர்க்குமிழ். குமிழ்கள் அதிகமாக இருந்தால் ஏ.எம்.எச். அதிகமாகவும், குறைவாக இருந்தால் குறைவாகவும் இருக்கும். மாதவிடாயின் தொடக்கத்தில் ஸ்கேன் செய்து இக்குமிழ்களை எண்ணும்போது கிடைக்கும் செய்தியும் இதுவே. ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும், மருந்தின் அளவை எவ்வளவு வைப்பது, சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்து உண்டா என்பவற்றை முடிவு செய்ய இவ்விரண்டும் எங்களுக்கு மிகவும் பயன்படுகின்றன. கிடைக்கும் முட்டை நல்லதா என்பதை இவை கூறுவதில்லை.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. குழந்தையின்மைக் குறை ஏதும் அறியப்படாத, 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து, 2017-ல் முடிவை வெளியிட்டனர். இயற்கையாகக் கருத்தரிக்க முயன்ற இப்பெண்களில், ஏ.எம்.எச். 0.7-க்கும் குறைவாக இருந்தவர்கள், வயதைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது, மற்றவர்களைவிடக் குறைவாகக் கருத்தரிக்கவில்லை. மாதத்திற்கு ஒரு முட்டை போதும் என்னும்போது, கையிருப்பு நூறா ஆயிரமா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. எனவே 29 வயதில் ஏ.எம்.எச். 0.9 உள்ள பெண்ணையும், 41 வயதில் ஏ.எம்.எச். 3 உள்ள பெண்ணையும் ஒப்பிட்டால், ஒவ்வொரு முட்டைக்கும் உள்ள வாய்ப்பு முதலாமவருக்கே அதிகம். நீர்க்கட்டிப் பிரச்சினை எனப்படும் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். 6, 8 என்று உயர்ந்திருக்கும். அதைக் கண்டு மகிழவும் வேண்டியதில்லை.

அறிக்கையைப் படிக்கும்போது அலகையும் பாருங்கள். சில ஆய்வகங்கள் நானோகிராமிலும், சில பிக்கோமோலிலும் எழுதுகின்றன. முதலாவதை 7.14 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 'ஆறு மாதத்தில் 7-லிருந்து 1-க்கு இறங்கிவிட்டது' என்ற அதிர்ச்சிக்கு, அலகு மாறியதே காரணமாக இருக்கக்கூடும். கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் இந்த எண் தற்காலிகமாகக் குறையும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்களுக்குச் சில ஆய்வக முறைகளில் அளவு தவறாக வரலாம். ஊசி போட்டு இரத்தம் எடுப்பவரிடம் அதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருமணத்திற்கு முன் பெண்ணின் ஏ.எம்.எச். அளவைத் தெரிந்துகொள்ள விரும்பும் குடும்பங்கள் உண்டு. ஜாதகப் பொருத்தத்தோடு இதையும் சேர்ப்பதற்கு மருத்துவத்தில் எவ்வித நியாயமும் இல்லை.

அப்படியானால் தரம் என்பது எது? முட்டையின் தரத்தில் முதன்மையானது அதன் குரோமோசோம் எண்ணிக்கை. நம் உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. முட்டை வெளிவரும் நேரத்தில் அவற்றைப் பாதியாக்கி, 23-ஐ வைத்துக்கொண்டு மீதியை வெளியேற்ற வேண்டும். குன்றல் பகுப்பு எனப்படும் இச்செயல், அந்தப் பெண் தாயின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கி, பாதி வழியில் நிறுத்தி வைக்கப்படுகிறது. முட்டை முதிரும் மாதத்தில்தான், அதாவது 20 அல்லது 40 ஆண்டுகள் கழித்து, அது மீண்டும் தொடர்கிறது. இவ்வளவு நீண்ட காலம் ஒரே செயலின் நடுவில் காத்திருக்கும் செல் மனித உடலில் வேறு இல்லை.

காத்திருக்கும் அந்த ஆண்டுகளில் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று பிணைந்தே இருக்க வேண்டும். அவற்றைச் சுற்றி வளையம்போல் கட்டி வைத்திருப்பது கோஹீசின் என்ற புரதத் தொகுதி. எலிகளில் நடத்திய ஆய்வுகளின்படி, இந்தப் புரதம் பிறப்பிற்கு முன்பே குரோமோசோம்களின் மேல் ஏற்றப்படுகிறது. பின்னர் அது புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை. பீரோவில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் கடிதக் கட்டின் மேலுள்ள ரப்பர் வளையத்தை எண்ணிப் பாருங்கள். கட்டு அப்படியே இருப்பதாகத் தோன்றும். கையில் எடுத்ததும் வளையம் அறுந்து கடிதங்கள் சிதறும். கோஹீசின் தளர்ந்த முட்டையிலும் இதுவே நேர்கிறது. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க வேண்டிய கதிர்க்கோல் இழைகள் செயல்படத் தொடங்கும்போது, பிரியக்கூடாதவை முன்னதாகவே பிரிந்து, தவறான பக்கத்திற்குச் சென்றுவிடுகின்றன. மனித முட்டையில் அந்த இழைகள் அமைவதற்கே ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது என்றும், அந்நேரத்தில் அவை நிலையற்றுத் தடுமாறுகின்றன என்றும் 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இளம் வயதிலும் சில முட்டைகளில் பிழை இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு குரோமோசோம் கூடினாலோ குறைந்தாலோ, பெரும்பாலும் கரு சில நாட்களிலேயே வளர்ச்சியை நிறுத்திவிடும். அல்லது கருப்பையில் ஒட்டாது. அல்லது ஒட்டிய பின் சில வாரங்களில் கலையும். 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பின் குழந்தை டவுன் நோய்க்குறியுடன் பிறக்கலாம். 35 வயதுத் தாய்க்கு அவ்வாறு பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 350-ல் ஒன்று. 40 வயதில் 100-ல் ஒன்று.

சோதனைக் குழாய் முறையில் உருவான 15,169 கருக்களைப் பரிசோதித்து 2014-ல் வெளியிட்ட ஆய்வின் எண்களைத் தோராயமாகத் தருகிறேன். 30 வயதுப் பெண்ணின் கருக்களில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றில் குரோமோசோம் பிழை இருந்தது. 35 வயதில் மூன்றில் ஒன்று. 40 வயதில் பாதிக்கும் மேல். 42 வயதில் நான்கில் மூன்று. 44 வயதில் பத்தில் ஒன்பதை நெருங்கியது. இந்த எண்களில் இரண்டு செய்திகள் உள்ளன. வயது கூடக் கூட நல்ல முட்டை அரிதாகிறது என்பது ஒன்று. 40 வயதிலும் பத்தில் நான்கு கருக்கள் பிழையற்றவை என்பது மற்றொன்று. பிழையற்ற கரு கிடைத்துவிட்டால், அது 40 வயதுத் தாயிடமிருந்து வந்தது என்பதால் அதன் வாய்ப்பு பெரிதாகக் குறைவதில்லை.

இங்கே வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம் இந்தக் குரோமோசோம் பிழையே. அப்பெண் பப்பாளி தின்றதோ, சத்தி சாலையில் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்றதோ, மாடிப்படி ஏறியதோ, நாள் தவறிக் கோயிலுக்குச் சென்றதோ காரணமில்லை. பிழை அந்த முட்டை வெளிவந்த நாளிலேயே நிகழ்ந்து முடிந்துவிட்டது. கலைந்த கருவின் திசுவைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்ப முடியும்; இரண்டு முறை கலைந்தவர்களுக்கு அதை நான் அவசியம் பரிந்துரைக்கிறேன். காரணம் தெரிந்த பின், வீட்டில் நடக்கும் விசாரணைகள் பல தாமாக நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

நம் நாட்டுப் பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியாவில் 46, 47. இந்தியப் பெண்களையும் ஸ்பெயின் நாட்டுப் பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, சினைப்பையின் முட்டை இருப்பில் நம்மவர்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகள் முன்னதாகவே குறைவை அடைகின்றனர் என்று கூறியது. சரவணம்பட்டியைச் சுற்றியுள்ள மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களில் பலர், இணையத்தில் படிக்கும் மேலை நாட்டு வயது வரம்புகளை அப்படியே தமக்கும் பொருத்திப் பார்க்கின்றனர். அது சரியன்று. 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லை என்றால் வர வேண்டும். 35-ஐக் கடந்தவர்கள் ஆறு மாதங்களில். 40-ஐக் கடந்தவர்கள் காத்திருக்கவே வேண்டாம். சினைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள், தாய்க்கோ அக்காவுக்கோ 40 வயதுக்குள் மாதவிடாய் நின்ற குடும்பத்தினர் ஆகியோரும் முன்னதாகவே வருவது நல்லது.

இனி மூலக்கூறு அடையாளங்களுக்கு வருவோம். "முட்டையின் தரத்தைக் கண்டுபிடிக்க ஏதாவது டெஸ்ட் இருக்கிறதா?" என்ற கேள்வி நியாயமானது. கோவையின் நூற்பாலைகளில் பஞ்சு வாங்கும்போது, பேலிலிருந்து ஒரு பிடி எடுத்து, இழையின் நீளத்தையும் நுண்மையையும் கருவியில் அளந்து, அதைக் கொண்டு விலை பேசுவார்கள். முட்டையில் இது இயலாது. ஒரே பெண்ணிடமிருந்து ஒரே நாளில் எடுத்த பத்து முட்டைகளும் பத்து விதமாக இருக்கும். ஒன்றைச் சோதித்து மற்றொன்றைப் பற்றிச் சொல்ல முடியாது. சோதிப்பதற்காக உடைத்த முட்டையோ பிறகு பயன்படாது. எனவே அறிவியலாளர்கள், முட்டையைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து தகவல் பெற முயன்று வருகின்றனர்.

முட்டையைச் சுற்றிப் பூங்கொத்துபோல் ஒட்டியிருக்கும் கியூமுலஸ் செல்கள் அவற்றில் ஒன்று. முட்டை இச்செல்களோடு நுண்ணிய பாலங்களால் இணைந்து, ஜி.டி.எஃப்.9, பி.எம்.பி.15 என்ற புரதங்களைச் சுரந்து அவற்றுக்கு ஆணையிடுகிறது. நல்ல முட்டையைச் சுற்றியுள்ள செல்களில் சில மரபணுக்கள் கூடுதலாக இயங்கும் என்ற கருத்தில், 2004 முதல் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. எப்படியும் நீக்கப்பட்டு எறியப்படும் செல்கள் என்பதால் இவற்றைச் சோதிப்பதில் முட்டைக்குத் தீங்கில்லை. ஆனால் ஒரு மையத்தில் நன்கு பொருந்திய மரபணுப் பட்டியல் அடுத்த மையத்தில் பொருந்தவில்லை. நம்பிக்கையளிக்கும் துறைதான், நோயாளியிடம் கட்டணம் பெற்றுச் செய்யும் நிலையை அது இன்னும் எட்டவில்லை.

அடுத்தது மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த உறுப்புகளுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே குழந்தைக்குச் செல்கிறது. முதிர்ந்த ஒரு முட்டையில் அதன் பிரதிகள் ஒரு லட்சத்திற்கும் மேல் உள்ளன. வயதாகும்போது இவற்றின் ஆற்றல் குன்றுகிறது என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. ஐந்தாம் நாள் கருவில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அளவுக்கு மீறி இருந்தால், அக்கரு திணறுகிறது என்று பொருள் கொள்ளலாம் என 2015-ல் இரு குழுக்கள் அறிவித்தன. உடனே அது ஒரு வணிகப் பரிசோதனையாகவும் வந்துவிட்டது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்த அளவுக்கும் கருத்தரிப்புக்கும் இடையே நம்பத்தகுந்த தொடர்பு காணப்படவில்லை. பெண்ணின் சினைப்பையிலிருந்தே மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து முட்டைக்குள் செலுத்தும் முறையும் இவ்வாறே ஆரவாரத்துடன் வந்தது. ஸ்பெயினில் முறையாகச் சோதித்தபோது பயனில்லை என்று 2019-ல் தெரியவந்தது.

மூன்றாவது, முட்டை தானாக வெளியேற்றும் துருவ உடலம். 23 குரோமோசோம்களை வெளியே தள்ளும்போது உருவாகும் இச்சிறு உருண்டையை எண்ணினால், உள்ளே எஞ்சியவற்றைக் கணக்கிட்டுவிடலாம். 36 முதல் 40 வயது வரையிலான 396 பெண்களிடம் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுக்குள் குழந்தை பெற்றோர் இரு பிரிவிலும் 24 விழுக்காடே. ஆனால் சோதனை செய்த பிரிவில் கருக்கலைப்பு இன்றித் தானாகக் கலையும் கருக்கள் பாதியாகக் குறைந்தன. வைக்க வேண்டிய கருக்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

இம்முடிவைச் சற்று நின்று சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் பி.ஜி.டி.-ஏ என்ற பெயரில் இன்று பரவலாகச் செய்யப்படும் கருப் பரிசோதனைக்கும் இதே தன்மை உண்டு. ஐந்தாம் நாள் கருவின் வெளிப்புறத்திலிருந்து, அதாவது பின்னர் நஞ்சுக்கொடியாகும் பகுதியிலிருந்து, ஐந்தாறு செல்களை எடுத்துக் குரோமோசோம்களை எண்ணுகின்றனர். இப்பரிசோதனை ஒரு நல்ல கருவையும் புதிதாக உருவாக்குவதில்லை. இருப்பவற்றுள் எதை முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்தித் தருகிறது, அவ்வளவே. சீனாவில் 20 முதல் 37 வயது வரையிலான, மூன்றும் அதற்கு மேலும் நல்ல கருக்கள் கிடைத்த 1,212 பெண்களிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இப்பரிசோதனை செய்துகொண்டவர்களில் 77.2 விழுக்காட்டினரும், செய்யாதவர்களில் 81.8 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். இளம் வயதினருக்கு இதனால் கூடுதல் பயன் இல்லை என்பது தெளிவு. 38, 40 வயதில் பல கருக்கள் கிடைத்து, இரண்டு மூன்று முறை கரு கலைந்து மனம் சோர்ந்த பெண்ணுக்கு, இன்னொரு கலைதலையும் இழக்கும் மாதங்களையும் தவிர்க்க இது உதவக்கூடும். ஒரே ஒரு கரு மட்டும் கிடைத்தவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. சில செல்கள் பிழையுடனும் சில சரியாகவும் இருக்கும் கலப்புக் கருக்களிலிருந்து நலமான குழந்தைகள் பிறந்துள்ளமையால், அந்த ஒரு கருவையும் அவசரப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாது.

இப்பரிசோதனையில் ஆணா பெண்ணா என்று தெரியுமே என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் அதைக் குற்றமாக அறிவித்துள்ளன. கேட்பதே வேண்டாம்.

வயதோடு தொடர்பில்லாத முட்டைக் குறைகளும் உண்டு. நம் பகுதியில் அவற்றை மறந்துவிடக் கூடாது. 27 வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு முட்டைகள் எடுத்தும், ஒன்றுகூட முதிரவில்லை, அல்லது ஒன்றுகூடக் கருவுறவில்லை, அல்லது எல்லாக் கருக்களும் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே நின்றுவிட்டன என்றால், அதுவும் இரண்டு முறை அப்படியே நிகழ்ந்தால், காரணம் ஒரே ஒரு மரபணுவில் இருக்கலாம். டியூப்8 எனச் சுருக்கி நாங்கள் அழைக்கும் டி.யு.பி.பி.8 மரபணுவின் மாற்றம், முட்டையின் கதிர்க்கோல் அமைவதையே தடுக்கிறது. இது 2016-ல் கண்டறியப்பட்டது. பி.ஏ.டி.எல்.2 மரபணு மாறினால் முட்டை முதிர்வதில்லை. டபிள்யு.ஈ.ஈ.2 மாறினால் விந்தணு உள்ளே சென்றும் கருவுறுதல் நிகழ்வதில்லை. இசட்.பி.1 மாறினால் முட்டையின் மேலுறையே உருவாகாது. பின் கூறிய மூன்றும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள் மணம் புரிந்த பெற்றோரின் மகள்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். இங்கே கேள்வி அந்தப் பெண்ணின் பெற்றோர் உறவினரா என்பதே. அவர் மணந்தவர் உறவினரா என்பது இக்குறையைப் பொறுத்தவரை பொருட்டன்று. எனவே உங்கள் தாய் தந்தை என்ன உறவு என்று நான் கேட்டால் வியப்படைய வேண்டாம். இத்தகைய மரபணுப் பரிசோதனையை ஒரு முறை இரத்தத்தில் செய்தால் போதும். விடை கிடைத்துவிட்டால், அதே சிகிச்சையை நான்காம் ஐந்தாம் முறையாகச் செய்து நகையையும் நிலத்தையும் அடகு வைப்பதைத் தவிர்க்கலாம். மூலக்கூறு அடையாளங்களில் இன்று உறுதியான விடை தருவது இதுவே என்பது என் கருத்து. ஆனால் மிகச் சிலருக்கே இது தேவைப்படும்.

தரத்தை உயர்த்த மருந்து உண்டா என்பது அடுத்த கேள்வி. கோ-என்சைம் க்யூ10 வயதான எலிகளின் முட்டைகளில் நல்ல விளைவைத் தந்தது. மனிதர்களில் நடந்த ஆய்வுகள் சிறியவை. சில பெண்களுக்குக் கிடைக்கும் முட்டைகளின் எண்ணிக்கை சற்றுக் கூடியது. குழந்தைப்பேறு கூடுகிறது என்று நிறுவப்படவில்லை. தீங்கு குறைவு என்பதால் விரும்புபவர்களுக்கு நான் தடை சொல்வதில்லை. கொடுப்பதாயின் இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே தொடங்க வேண்டும். ஏனெனில் ஒரு ஃபாலிக்கிள் இறுதிக்கட்ட வளர்ச்சியை முடிக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. சினைப்பைக்குள் பி.ஆர்.பி. ஊசி போட்டு 'இளமையாக்குகிறோம்' என்ற விளம்பரங்களைப் பொறுத்தவரை, அதற்குப் பணம் செலவிடும் அளவுக்குச் சான்று இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். அந்தச் செலவைவிட, அதற்காக இழக்கும் ஆறு மாதங்கள் 39 வயதுப் பெண்ணுக்குப் பெரிய இழப்பு.

புகையிலை மட்டும் ஐயமின்றிக் கேடு செய்கிறது. புகைப்பவர்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது. நம் வீடுகளில் புகைப்பவர் பெரும்பாலும் கணவரே. அவருடைய விந்தணுவுக்கும் அது கேடு, அருகில் இருப்பவருக்கும் கேடு. தைராய்டு, சர்க்கரை, உடல் எடை ஆகியவற்றைச் சீராக்குவதால் முட்டையின் வயது குறையாது. ஆயினும் கரு தங்குவதற்கும் தாயின் நலனுக்கும் அது தேவை. ஃபோலிக் அமிலம் முட்டைக்காகத் தரப்படுவதன்று. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதற்காகக் கருத்தரிக்கும் முன்பே அதைத் தொடங்குகிறோம். நாட்டு மருந்து, லேகியம் எதுவாயினும் உட்கொண்டுவருவதைச் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம்.

முட்டை உறையவைத்தல் பற்றியும் கேட்கின்றனர். உறைந்த முட்டைக்கு வயதாவதில்லை. 30 வயதில் சேமித்தது 38 வயதிலும் 30 வயது முட்டையாகவே இருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் இரண்டு வாரங்கள் கிடைத்தாலும் இதைச் செய்துகொள்ள முடியும் என்பதைப் புற்றுநோய் கண்டறியப்பட்ட இளம் பெண்களின் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். உறையவைக்கும் நுட்பத்தில் நம் நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்த 70 நாட்களில், 1978 அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜி உறையவைத்த கருவைக் கொண்டு ஒரு பெண் குழந்தை பிறக்கச் செய்தார். அன்றைய அதிகாரிகள் அவரை நம்பவில்லை. 1981-ல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்தே அவருடைய பணி ஏற்கப்பட்டது. உறையவைப்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். பத்து முட்டைகள் எடுத்தால் சராசரியாக எட்டு முதிர்ந்திருக்கும். ஐந்து அல்லது ஆறு கருவுறும். இரண்டு மூன்று மட்டுமே ஐந்தாம் நாள் கருவாகும். பத்து முட்டை என்பது பத்துக் குழந்தை ஆகாது.

2019 செப்டம்பரில் ஆந்திராவின் குண்டூரில் 74 வயதுப் பெண்மணி ஒருவர் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த செய்தியைப் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். "அவருக்கே முடிந்தது, என் மருமகளுக்கு 42 தானே" என்று ஒரு தாய் கேட்டார். அக்குழந்தைகள் பிறந்தது வேறொரு பெண் கொடையாக அளித்த முட்டையிலிருந்து. கருப்பை முட்டையைப்போல் முதுமை அடைவதில்லை என்பதே அச்செய்தியின் மருத்துவப் பொருள். இன்றைய சட்டப்படி 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு இச்சிகிச்சை அளிக்க முடியாது. ஆணுக்கு வரம்பு 55.

முட்டைக் கொடை என்பது பலருக்கு நல்ல வழி. அதற்கு ஒப்புவதும் மறுப்பதும் தம்பதியரின் உரிமை. ஆனால் அந்த முட்டை எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டறியும் கடமையும் அவர்களுக்கு உண்டு. 2022 ஜூனில் நம் பக்கத்து ஈரோட்டில் வெளிவந்த வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. 16 வயதுச் சிறுமியின் ஆதார் அட்டையில் வயதைத் திருத்தி, பலமுறை அவளுடைய முட்டைகள் எடுத்து விற்கப்பட்டன. பெற்ற தாய் உட்படச் சிலர் கைதாயினர். சுகாதாரத் துறை விசாரணை நடத்தி மருத்துவமனைகள் மீது நடவடிக்கை எடுத்தது. சட்டம் சொல்வது இது: கொடையாளிக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்குக் காப்பீடு செய்ய வேண்டும், பதிவு பெற்ற வங்கி வழியாகவே வர வேண்டும், விற்பனை கூடாது. இடைத்தரகர் யாராவது உங்களைத் தொலைபேசியில் அழைத்தால் எங்களிடம் தெரிவியுங்கள்.

முதல் சந்திப்புக்கு வரும்போது பழைய அறிக்கைகள் அனைத்தையும், முன்பு ஐ.வி.எஃப். செய்திருந்தால் எத்தனை முட்டைகள் எடுத்தனர், எத்தனை முதிர்ந்திருந்தன, எத்தனை கருவுற்றன, எந்த நாளில் நின்றன என்ற கருவியல் ஆய்வகக் குறிப்பையும் கேட்டு வாங்கி வாருங்கள். அதைப் பெறுவது உங்கள் உரிமை. முட்டையின் தரத்தைப் பற்றி வேறெந்த இரத்தப் பரிசோதனையைவிடவும் அந்த ஒரு தாள் எனக்கு அதிகம் சொல்லும். மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் வந்தால் ஸ்கேனையும் எஃப்.எஸ்.எச். பரிசோதனையையும் அன்றே முடித்துவிடலாம், ஏ.எம்.எச். எந்த நாளிலும் எடுக்கலாம். கணவரும் உடன் வர வேண்டும். இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி விட்டு எடுத்த விந்தணுப் பரிசோதனை அறிக்கையும் அதே கோப்பில் இருக்கட்டும்.